திறந்திருந்த சிறைவாசல்

தென் பிரான்சிலுள்ள எக்-மோர்த், இரண்டு நாளில் சுற்றிப் பார்த்துவிடக்கூடிய சிறு மதில்நகரம். 1248-இல் ஒன்பதாம் லூயி மன்னர் சிலுவைப்போருக்குக் கப்பலேறியது இங்கிருந்துதான். அவர் எழுப்பிய கோன்ஸ்தான்ஸ் கோபுரம் பிற்காலத்தில் புராட்டஸ்டண்டுப் பெண்களின் சிறைச்சாலையாயிற்று. 1685-க்குப்பின் அவர்களுடைய ஆராதனை பிரான்சில் குற்றமாக்கப்பட்டிருந்தது.

தலைமறைவாக ஊழியம் செய்த போதகர் ஒருவரின் தங்கை மரி துராந்து, 1730-இல் தம் 19-ஆம் வயதில் இங்கே அடைக்கப்பட்டார். 1732-இல் அண்ணன் கொல்லப்பட்டார். விசுவாசத்தை மறுதலித்தால் அவருக்கு விடுதலை. ஒரு வார்த்தை தூரத்தில் வாசல் திறந்திருந்தும், அவர் 38 ஆண்டுகள் அதைச் சொல்லவில்லை. 1768-இல்தான் வெளியே வந்தார். 'எதிர்த்து நில்' என்று அங்கே கல்லில் காணும் பொறிப்பு அவருடையது என்பது வழிவழிச் செய்தி.

மன்னர் சிலுவையின் பெயரால் வாளேந்தினார். சிலுவையைச் சுமந்தவர்களோ ஆயுதமற்ற அந்தப் பெண்களே.