மலையின் பெயரைச் சுமக்கும் மரம்

ஒருநாள் லீவு கிடைத்ததும் சேலத்தில் பஸ் ஏறி ஏற்காடு போய்விட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற ஜன்னலில் திரும்பத் திரும்ப ஒரே மரம்: நெட்டையாக, நேராக, இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு. சில்வர் ஓக். அதன் நிழலில் காப்பிச் செடி, தண்டில் மிளகுக் கொடி. ஏற்காடு என்றதும் நம் மனசில் வருகிற படமே இதுதான்.

இந்தப் படத்தில் மிளகு மட்டும்தான் நம்ம ஊர்ப் பக்கத்துச் சொத்து. காப்பிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா. அரேபியா சுற்றி வந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் அதை இந்த மலைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். பெயரில்தான் ஓக், உண்மையில் ஓக் மரத்துக்குச் சொந்தமே கிடையாது. சீக்கிரம் வளரும், நேராக நிற்கும், கிளை கழித்தாலும் தாங்கும், மிளகு ஏற்றத் தோது. தோட்டக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அப்படியென்றால் இந்த மலையின் சொந்த மரம் எது? இந்தக் கேள்வியோடுதான் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் 1960களில் இங்கே தொடங்கிய தோட்டத்துக்குள் போனேன். எல்லோரும் ஆர்க்கிட் பார்க்கத்தான் வருவார்கள். பூச்சி தின்னும் குடுவைச் செடி முன்னால் செல்ஃபி கூட்டம். நான் தோட்ட வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம் போய், "ஐயா, இந்த மலையிலேயே உள்ள மரம் ஏதாச்சும் இருக்கா?" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு கூட்டிப்போய் ஒரு மரத்தைக் காட்டினார். பெரிசாக ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "இதுக்குப் பேரே மலையோட பேருதான் சார்."

வெர்னோனியா ஷெவராயென்சிஸ். சூரியகாந்தி, செவ்வந்திக் குடும்பம்! வரப்போரம் களையாக முளைக்கிற சீதேவி செங்கழுநீர் இதற்கு உறவு. பெரும்பாலும் செடிகளே உள்ள குடும்பத்தில் இது மரமாக நிமிர்ந்து நிற்கிறது. சேர்வராயன் மலைக்கே உரியது என்று தாவரவியல் நூல்கள் குறிக்கின்றன. பெயர் வைத்தவர் ஜே.எஸ். கேம்பிள், வனத்துறை அதிகாரி. ஓய்வுபெற்ற பிறகு சென்னை மாகாணத்தின் தாவரங்களைத் தொகுக்க ஆரம்பித்தார். 1915-இல் முதல் பகுதி வந்தது, 1925-இல் அவர் இறந்தார், ஃபிஷர் என்பவர் தொடர்ந்து 1936-இல் முடித்தார்.

திரும்பும் வழியில் உறைத்தது. மலையுச்சியில் குகைக் கோயிலில் இருப்பவர் சேர்வராயன். மலையாளிப் பழங்குடி மக்களின் சாமி. அந்தப் பெயர் வெள்ளைக்காரர் வாயில் 'ஷெவராய்' ஆகி, கேம்பிள் கையில் லத்தீனாகி, அந்த மரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. காட்டை அழித்துக் காப்பி வைத்தோம், பாக்சைட்டுக்காக மலையையும் தோண்டினோம். சாமி பெயரைச் சுமக்கிற மரம் இன்று தோட்டத்துக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைமையில் இருக்கிறது.

அடுத்த தடவை ஏற்காடு போனால் ஆர்க்கிட் பார்த்துவிட்டு அப்படியே அந்த மரத்தையும் விசாரித்துப் பாருங்கள்.