மேய்ப்பரில்லாக் காலத்து விசுவாசம்: நாரந்தனை சூழ்ந்த தீவகத்தில் கத்தோலிக்க இறைநம்பிக்கையின் வளர்ச்சி

முன்னுரை

ஊர்காவற்றுறையிலிருந்து வேலணைக்குச் செல்லும் வழியில், கரம்பொனைத் தாண்டி அமைந்திருக்கிறது நாரந்தனை. இவ்வூரைச் சூழ்ந்த தீவகத்தில் கத்தோலிக்க விசுவாசம் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக வேரோடியிருக்கிறது. அந்தக் காலத்தின் பெரும்பகுதி அச்சத்தில் கழிந்தது. சமயத் தடை, கடற்பயண ஆபத்து, போர், இடப்பெயர்வு ஆகியவற்றுக்கு நடுவே இம்மக்கள் கடவுளில் வைத்த நம்பிக்கை எவ்வடிவில் நிலைபெற்றது என்பதே இங்கு எழும் வினா. குருக்கள் இல்லாத நாள்களில் பொதுநிலையினர் நடத்திய கூட்டுச் செபமும், ஒருவரையொருவர் தாங்கிய ஏற்பாடுமே அந்நம்பிக்கையைக் காத்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒல்லாந்தர் தடை

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது. அவர்கள் காலத்தில் ஆட்சியின் ஆதரவோடு தேவாலயங்கள் எழுந்தன. அதிகாரத்தின் நிழலில் பெற்ற ஞானஸ்நானம் அதிகாரம் மாறியதும் உதிர்ந்துவிடும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். 1658இல் அதிகாரம் மாறியது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். குருக்களுக்கு இடமளிப்போருக்கு மரணதண்டனை என அறிவித்தனர். கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களாயின. தீவுகளுக்கும் ஒல்லாந்து நகரங்களின் பெயர்கள் இடப்பட்டன: வேலணைத் தீவு லெய்டன் ஆனது, நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் போதகரின் 1672ஆம் ஆண்டு நூல், பள்ளிகள் வழியாக இந்தச் சமய மாற்றம் நடத்தப்பட்ட முறையை விரிவாகப் பதிவுசெய்கிறது.

அடுத்த ஏறத்தாழ 30 ஆண்டுகள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்குக் குருக்கள் இல்லை. திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் நின்றுபோயின. வெளியே சீர்திருத்தச் சபையின் பதிவேட்டில் பெயர் இருந்தது. உள்ளே, கதவடைத்த வீடுகளில், செபமாலை தொடர்ந்தது. ஆதரித்த அரசு வீழ்ந்த பின்னரும் ஒரு பகுதி மக்கள் அந்த விசுவாசத்தை விட மறுத்தனர் என்பது இவ்வரலாற்றின் முதல் திருப்பம். அதுவரை ஆட்சியோடு பிணைந்திருந்த சமயம், அப்போதுதான் மக்களின் சொந்தச் சமயமாயிற்று.

யோசப் வாஸ் அடிகளாரும் அண்ணாவிமாரும்

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். நோயுற்று, பிச்சையேற்று அலைந்த அவர், கத்தோலிக்கரை இனங்காணக் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகச் சென்றார். அதைக் கண்டு அவரை ஏற்றுக்கொண்ட வீடுகள் இருந்தன என்பதே, மறைவில் விசுவாசம் உயிரோடிருந்ததற்கு வலுவான சான்று. சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவுகளில் அவர் பணியாற்றினார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் நடத்திய சோதனையில் கத்தோலிக்கர் பலர் கைதாகித் தண்டனை பெற்றனர். அடிகளார் தப்பினார், பின்னர் கண்டி இராச்சியத்தை நோக்கிச் சென்றார்.

அவர் விட்டுச்சென்ற அமைப்பே நீண்டகாலப் பயன் தந்தது. ஒவ்வொரு கத்தோலிக்கக் குழுவுக்கும் மூப்பரும் அண்ணாவியாரும் பொறுப்பாக இருந்தனர். ஞாயிறு செபத்தை நடத்துவதும், சிறுவருக்கு மந்திரங்களைக் கற்பிப்பதும், ஆபத்து வேளையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், மரணப் படுக்கையில் கிடப்பவரருகே நின்று செபிப்பதும் இவர்கள் கையில் இருந்தன. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இதற்குத் தமிழ் நூல்களைச் சேர்த்தார். கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிக்கும் அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் மக்களே இராகத்தோடு வாசிக்கும் நூலாயிற்று. துன்புறும் கடவுளின் கதையைத் தம் துன்பத்தினுள் நின்று பாடிய மக்களுக்கு, அது ஆறுதலும் இறையியலும் ஒருங்கே ஆனது.

கடலும் காப்பும்

1796இல் பிரித்தானியர் வந்தனர். 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீங்கின. 1847இல் இலங்கை வந்த அமலமரித் தியாகிகள் சபையினர் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைக் கட்டியெழுப்பினர். தீவகத்தில் பள்ளிகள் வளர்ந்தன. அச்சூழலில்தான் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் 1913இல் கரம்பொனில் பிறந்தார்.

சமயச் சுதந்திரம் வந்தும் கடலின் ஆபத்து மாறவில்லை. தொழிலுக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டில் நிலைகொள்ளாத மனம், சாட்டியில் சிந்தாத்திரை மாதாவிடமும் கச்சதீவில் அந்தோனியாரிடமும் அடைக்கலம் தேடியது. புயலில் படகிலிருந்த சீடரின் அச்சத்தை விளக்க, கடலோர மக்களுக்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை.

போர்க்காலம்

1990, 1991ஆம் ஆண்டுகளின் படைநடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருமளவில் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். கோவில்கள் ஆளின்றிக் கிடந்தன. மீண்டும், கோவிலில்லாத இடத்தில் செபமாலை குடும்பத்தின் கையில் தங்கியது.

2006 ஓகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. குறைந்தது 15 பேர் உயிரிழந்தனர். பங்குக்குரு நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் எஞ்சியோரை ஊர்காவற்றுறை புனித மரியாள் ஆலயத்துக்கு அழைத்துச் செல்ல உழைத்தார். ஓகஸ்ட் 20இல் அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச் சாவடியருகே இறுதியாகக் காணப்பட்ட அவரும் உடன்சென்றவரும் திரும்பி வரவில்லை. 1687இல் மக்கள் தம் உயிரைப் பணயம் வைத்துக் குருவை மறைத்தனர்; 2006இல் குரு தம் உயிரைப் பணயம் வைத்து மக்களைக் காத்தார். இரு செயல்களையும் இயக்கியது ஒரே விசுவாசம்.

முடிவுரை

இவ்வரலாறு மூன்றை உணர்த்துகிறது. ஒன்று, அரச ஆதரவு இழந்தபோதே இங்கு விசுவாசம் ஆழப்பட்டது. இரண்டு, அதைக் காத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத மூப்பரும் அண்ணாவிமாரும் தாய்மாருமே. மூன்று, கடவுளை நம்புதல் என்பதை இம்மக்கள் ஆபத்து வராது என்ற உறுதியாகக் கொள்ளவில்லை; ஆபத்திலும் அயலவரைக் கைவிடாத கடமையாகக் கொண்டனர். யோசப் வாஸ் அடிகளார் 2015 ஜனவரி 14இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரை ஏற்ற குடும்பங்களுக்கோ எழுதப்பட்ட வரலாறு மிகக் குறைவு. நாரந்தனையிலும் அயலூர்களிலும் பங்குப் பதிவேடுகளையும், வீடுகளிலுள்ள வியாகுலப் பிரசங்கப் படிகளையும், முதியோர் நினைவில் நிற்கும் அண்ணாவிமார் பெயர்களையும் காலந்தாழ்த்தாது தொகுக்க வேண்டும். புலம்பெயர்ந்த தீவகத்தார் இப்பணியில் கைகோர்க்க முன்வர வேண்டும்.