சின்டலூட்டாவின் கோதுமையும் வண்டிப் பதிவேடும்

கனடாவின் சஸ்காச்செவன் மாகாணத் தலைநகரான ரெஜைனாவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கனேடியன் பசிபிக் ரயில் பாதையை ஒட்டி அமைந்துள்ள சின்டலூட்டா, இன்று நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே வாழும் சிற்றூர். ஆயினும் வட அமெரிக்க உழவர் இயக்கங்களின் வரலாற்றை எழுதும் எவரும் இவ்வூரைக் கடந்து செல்ல இயலாது. விளைந்த கோதுமையை ஏற்றிச் செல்லும் ரயில் வண்டி முதலில் யாருக்குக் கிடைக்க வேண்டும் என்ற வழக்கு இவ்வூரில்தான் நடந்தது, அதன் பின்னணியில் உருவான உழவர் நிறுவனத்தின் விதையும் இவ்வூரிலேயே விழுந்தது.

பிரெய்ரி எனப்படும் பரந்த புல்வெளியின் ஒரு பகுதியான இந்நிலம், 1874இல் கையெழுத்தான நான்காம் உடன்படிக்கையின்வழி தொல்குடிகளிடமிருந்து அரசின் பிடிக்குள் வந்தது. அதற்கு ஈராண்டு முன்பே இயற்றப்பட்ட டொமினியன் நிலச் சட்டம், 10 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தி, மூன்றாண்டு குடியிருந்து, குறிப்பிட்ட பரப்பை உழுது காட்டுபவருக்கு 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்கியது. 1882இல் ரயில் தண்டவாளம் இப்பகுதியைக் கடந்ததும், பெரும்பாலும் ஒன்டாரியோவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவ்வாறு நிலம் பெற்றுக் குடியேறின.

மழை குறைவு, பனி விழாத நாள்களும் குறைவு என்ற நிலையில், உழவு முறை ஒன்றை இவ்வட்டாரம் தற்செயலாகக் கண்டடைந்தது. 1885இல் லூயி ரியேல் தலைமையில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கச் சென்ற படைக்குச் சுமை இழுக்க உழவர்களின் குதிரைகள் வாடகைக்கு எடுக்கப்பட்டதால், பல வயல்கள் விதைப்புப் பருவம் தப்பி வெறும் உழவோடு கிடந்தன. மறு ஆண்டு கடும் வறட்சி நேர்ந்தபோது, ஈரத்தைக் காத்து வைத்திருந்த அந்த வயல்கள் மட்டுமே சொல்லத்தக்க விளைச்சலைத் தந்தன. அருகிலுள்ள இந்தியன் ஹெட் ஊரில் அரசு நிறுவிய ஆய்வுப் பண்ணையின் முதல் கண்காணிப்பாளரான ஆங்கஸ் மக்கே, நிலத்தை ஓராண்டு விதைக்காமல் உழுது களையகற்றி வைத்திருக்கும் இக்கோடைத் தரிசு முறையைப் பரப்பினார். பிரெய்ரியில் கோதுமை நிலைபெற்றதற்கு இம்முறை பெரிதும் உதவியது. அரை நூற்றாண்டுக்குப் பின் காற்று மண்ணை வாரிச் சென்றதற்கும் மூடாக்கு இல்லாத இதே தரிசு ஒரு காரணமாயிற்று.

விளைவித்தல் ஒரு பாதி என்றால் விற்றல் மறு பாதி. உழவரின் கை தாழ்ந்திருந்தது அவ்விரண்டாம் பாதியில்தான். ரயில் நிலையத்தருகே மரத்தால் உயரமாகக் கட்டப்பட்ட எலிவேட்டர் என்ற தானியக் கிடங்கில், வாளிகள் கோத்த பட்டை தானியத்தை மேலே தூக்கிக் கொட்டும். அங்கிருந்து அது குழாய் வழியே ரயில் வண்டிக்குள் இறங்கும். குதிரை வண்டியில் பல மைல் கடந்து வந்த உழவரின் கோதுமையை நிறுத்து, அதன் தரத்தை முடிவு செய்து, தூசிக்கும் களைவிதைக்கும் எனக் கழிவு பிடித்து, விலையையும் சொல்பவர் அந்தக் கிடங்கின் முகவரே. எடையிலும் தரத்திலும் கழிவிலும் விலையிலும் தமக்குச் சொல்லுரிமை இல்லை என்று உணர்ந்த உழவருக்கு எஞ்சியிருந்த ஒரே வழி, தாமே ஒரு ரயில் வண்டியைப் பெற்று, கிடங்கைத் தவிர்த்து நேரடியாக ஏற்றி அனுப்புவது. ஆனால் எலிவேட்டர் கட்டுவோரை ஊக்குவிக்க விரும்பிய ரயில் நிறுவனம், அவை இருந்த நிலையங்களில் அவ்வாறு நேரடியாக ஏற்றுவதற்கு இடம் தர மறுத்து வந்தது. 1900இல் வந்த மானிடோபா தானியச் சட்டம் உழவர் தாமே ஏற்றுவதற்கான மேடைகளை அமைக்க வழி செய்தது; எனினும் மேடை இருந்து வண்டி வராவிட்டால் பயனில்லை என்பது மறு ஆண்டே தெளிவாயிற்று.

1901இல் பிரெய்ரி அதுவரை காணாத விளைச்சல் கண்டது. பேரேரிகள் உறைந்து கப்பல் போக்குவரத்து நிற்பதற்குள் அதனைத் துறைமுகம் சேர்க்க ரயில் நிறுவனத்தால் முடியவில்லை. வந்த வண்டிகளும் பெரும்பாலும் எலிவேட்டர் நிறுவனங்களுக்கே சென்றன. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியன் ஹெட்டில் கூடிய உழவர்கள், அபர்னதி ஊரைச் சேர்ந்த டபிள்யூ.ஆர். மதர்வெல் தலைமையில் பிரதேசத் தானிய விளைவிப்போர் சங்கத்தைத் தொடங்கினர். சங்கத்தின் வற்புறுத்தலால் சட்டம் திருத்தப்பட்டு, ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி கேட்போரின் பெயரை வரிசையாக எழுதும் பதிவேடு ஒன்று வைக்கப்பட வேண்டும், அவ்வரிசைப்படியே வண்டி வழங்கப்பட வேண்டும் என்ற விதி பிறந்தது.

1902 அறுவடையின்போது சின்டலூட்டா நிலைய முகவர் அவ்வரிசையை மீறி எலிவேட்டர்களுக்கு வண்டி ஒதுக்கினார் என்று சங்கம் வழக்குத் தொடுத்தது. உள்ளூர் நீதிபதிகள் குற்றம் உறுதி எனக் கண்டு 50 டாலர் அபராதம் விதித்தனர். ரயில் நிறுவனம் மேல்முறையீடு செய்தும் தீர்ப்பு நிலைத்தது. தொகை அற்பமே. ஆனால், நாட்டின் மிகப் பெரிய நிறுவனமும் ஒரு சிற்றூர் நிலையத்துப் பதிவேட்டுக்குக் கட்டுப்பட்டது என்ற நிலையை அது உருவாக்கியதால், பிரெய்ரி முழுவதும் உழவர்கள் சங்கத்தில் திரண்டனர்.

அடுத்த படியை எடுத்தவர் சின்டலூட்டா உழவரும் முன்னாள் பள்ளி ஆசிரியருமான ஈ.ஏ. பார்ட்ரிட்ஜ். 1905 ஜனவரியில் இவ்வூர்ச் சங்கத்தார் அவரை வினிபெக் தானியச் சந்தைக்கு அனுப்பி வணிகம் நடக்கும் விதத்தை நேரில் கண்டுவரச் செய்தனர். உழவர்களே சந்தைக்குள் வணிகராக நுழைந்தாலன்றி மீட்சியில்லை என்ற முடிவோடு அவர் திரும்பினார். அதன் பயனாக 1906இல் தானிய விளைவிப்போர் தானிய நிறுவனம் தோன்றியது: பங்கு ஒன்று 25 டாலர், ஒருவருக்கு நான்கு பங்குக்கு மேல் இல்லை, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு. ஈட்டிய இலாபத்தைத் தானியம் அனுப்பியவருக்கே பகிர்ந்தளிக்கும் திட்டம் தன் விதிக்கு முரண் என்று கூறி வினிபெக் சந்தை அதே ஆண்டு அந்நிறுவனத்தை வெளியேற்றியது. மானிடோபா மாகாண அரசு தலையிட்ட பின் 1907இல் அது மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. பார்ட்ரிட்ஜின் பிற்காலக் கனவுகள் பல கைகூடவில்லை எனினும், சந்தையைத் திட்டுவதை விடுத்து அதற்குள் சென்று கற்றுக்கொள்ள வேண்டும் என்ற அவரது தெளிவு இவ்வியக்கத்தின் மிகப் பெரிய சொத்து.

இத்தகைய கூட்டுச் செயல் திடீரென எழுந்ததன்று. அன்றாட வாழ்வே அதற்கான பயிற்சியாக இருந்தது. கதிரடிக்கும் நீராவி இயந்திரத்தைத் தனியொரு குடும்பம் வாங்க இயலாததால், இயந்திரமும் ஆள்களும் பண்ணை பண்ணையாகச் சுற்றி வந்தனர். அத்தனை பேருக்கும் வேளை தவறாமல் சமைத்துப் போட்ட பெண்களின் உழைப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. களஞ்சியம் எழுப்புவதற்கு அயலார் கூடிக் கைகொடுத்தனர். அறுவடை முடிந்ததும் தேவாலயங்களில் கோழி விருந்து நடந்தது. நீண்ட குளிர்காலத்தில் பனித்தளத்தில் வழவழப்பான கல்லை இலக்கு நோக்கிச் சறுக்கி விடும் கர்லிங் ஆட்டம் ஊரை ஒன்றுசேர்த்தது. உழவர் சங்கத்தில் 1910களில் தமக்கெனத் தனிப் பிரிவு கண்ட பெண்கள், வாக்குரிமைக்காகவும் சிற்றூர்களில் மருத்துவ வசதிக்காகவும் போராடினர். 1916இல் சஸ்காச்செவன் பெண்களுக்கு மாகாணத் தேர்தல்களில் வாக்குரிமை கிடைத்தது.

1930களில் வறட்சியும் விலைவீழ்ச்சியும் சேர்ந்து வந்தன. புழுதிப் புயல்களுக்கிடையே, கிழக்கு மாகாணங்களிலிருந்து நிவாரணமாக ஆப்பிளும் உப்பிட்ட கருவாடும் ரயிலில் வந்திறங்கின. அப்பத்தாண்டில் மூன்று பிரெய்ரி மாகாணங்களிலும் 5,700க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் நின்றன. லாரியும் நெடுஞ்சாலையும் பெருகி, பண்ணைகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதானபோது அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன, அவற்றை நம்பியிருந்த ஊர்களும் தேய்ந்தன. சின்டலூட்டாவில் வித்திட்ட நிறுவனமும் 1917இல் யுனைடெட் கிரெயின் குரோவர்ஸ் எனப் பெயர் மாறி, பின்னர் பல இணைப்புகளுக்கு உட்பட்டு, உழவரின் கையை விட்டு நீங்கிப் பன்னாட்டு வணிகத்துள் கரைந்தது.

இவ்வரலாற்றில் இன்னொரு பக்கமும் எழுதப்பட வேண்டும். சின்டலூட்டாவுக்குத் தெற்கே அசினிபொய்ன் மக்களின் கேரி த கெட்டில் ஒதுக்குநிலம் உள்ளது. சைப்ரஸ் குன்றுகளில் வாழ விரும்பிய அம்மக்களை 1880களின் தொடக்கத்தில் உணவுப் படியை நிறுத்தி அரசு இங்கே பெயர்த்தது. ரயில் வண்டிக்கான வரிசை உரிமையைக் குடியேறிகள் நீதிமன்றத்தில் வென்ற அதே காலத்தில், ஒதுக்குநிலத்தில் கோதுமை விளைவித்த உழவர், அரசு முகவரின் எழுத்து அனுமதி இன்றித் தம் தானியத்தை விற்கவே கூடாது என்று இந்தியர் சட்டம் தடுத்தது. வண்டி வரிசைக்காகக் குரல் எழுப்பிய இயக்கம் அந்த அனுமதிச் சீட்டைத் தன் போராட்டமாகக் கருதவில்லை. இது அதன் புகழில் நீங்காத குறை. சின்டலூட்டா வழக்கு ஓர் அறுவடைக்குள் தீர்ப்புக் கண்டது. பிரெய்ரி மாகாணத் தொல்குடி உழவரைக் கட்டுப்படுத்திய அந்த அனுமதி விதி சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 2014இல்தான்.