பரணிற் கிடந்த இராட்டை: ஒரு கருவியின் மீட்பு வரலாறு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நூற்றல் யந்திரங்களைப் பற்றிப் பேசும் பாடநூல்கள் ஹாக்ரீவ்ஸ், ஆர்க்ரைட், குரொம்ப்டன் ஆகியோரின் பெயர்களைத் தவறாது கூறும். ஆயின் அவ்யந்திரங்களின் வருகையால் ஒழிந்துபோன கை இராட்டையை யார் சுழற்றினர், அது எவ்வாறு வழக்கிழந்தது, வழக்கிழந்த கருவியை மீண்டும் தேடியெடுத்தோர் எத்தகைய இடர்களை எதிர்நோக்கினர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. இந்திய இராட்டையின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. பழங்கருவியொன்றை மீட்பதென்பது அதன் மரத்தையும் இரும்பையும் மீட்பது மட்டுமன்று. அதனோடு பிணைந்த தொழிலறிவையும், அதனை இயக்கும் கைக்குரிய ஊதியத்தையும் மீட்பதாகும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். இராட்டை நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இந்திய மண்ணில் இருந்துவரும் கருவி என்று பலரும் எண்ணுவர். பருத்தி நூற்றல் தொன்மையானது என்பதில் ஐயமில்லை. சங்கச் செய்யுள்களிலேயே நூல் நூற்கும் பெண்கள் குறிப்பிடப்படுகின்றனர். ஆனால் நூற்றல் வேறு, இராட்டை வேறு. கையாற் சுழற்றும் கதிரைக் கொண்டே பன்னூறு ஆண்டுகள் நூல் நூற்கப்பட்டது. சக்கரம் பூட்டிய இராட்டை இந்தியாவிற்குப் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தது என வரலாற்றறிஞர் இர்பான் ஹபீப் 1969 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அவர் காட்டும் முதன்மைச் சான்று, 1350 ஆம் ஆண்டளவில் இசாமி என்பார் பாரசீக மொழியில் இயற்றிய வரலாற்றுக் காவியமாகும். அங்கே இராட்டை இடம்பெறும் சூழலும் நோக்கற்பாலது. டில்லியை ஆண்ட சுல்தானா இரசியாவைக் குறைகூறும் ஆசிரியர், பெண்ணுக்குரிய இடம் அரியணையன்று, இராட்டையின் அருகே என்கிறார். கருவியைப் பற்றிய அத்தொல்குறிப்பிலேயே அதனைச் சுழற்றுபவளின் தாழ்நிலையும் பதிவாகிவிட்டது. ஆகவே, பிற்காலத்தார் தொன்மையின் சின்னமாகக் கொண்ட இராட்டை, ஒரு காலத்திற் புதிதாக வந்த யந்திரமே என்பதை நாம் மறத்தலாகாது.

அதன் அமைப்பு எளியது. பெரிய சக்கரத்திலிருந்து ஒரு கயிறு சென்று கதிர் எனப்படும் கூரிய இரும்புத் தண்டினைச் சுற்றி வரும். சக்கரம் ஒருமுறை சுழல, கதிர் பன்மடங்கு விரைவாகச் சுழலும். நூற்பவள் வலக்கையாற் சக்கரத்தைச் சுழற்றி, இடக்கையிலுள்ள பஞ்சுப் பட்டையைப் பின்னோக்கி இழுப்பாள். இழையிற் போதிய முறுக்கு ஏறியதும் அதனைக் கதிரிற் சுற்றுவாள். இழுவை விரைந்தால் நூல் அறும். தாமதித்தால் முறுக்கு மிகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அது விரல்களில் இருந்தது. தாயிடமிருந்து மகள் பார்த்துக் கற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலை நூல் இந்தியச் சந்தையிற் புகுந்தபோது முதலில் வீழ்ந்தது நெசவன்று, நூற்றலே. நெசவாளர் பலர் ஆலை நூலை வாங்கித் தம் தறியைக் காத்துக்கொண்டனர். தறிக்கு நூல் தந்த பெண்களுக்கோ மாற்று வழி இருக்கவில்லை. 1828 ஆம் ஆண்டில் வங்காளத்தின் 'சமாச்சார் தர்ப்பண்' என்னும் இதழில், சாந்திப்பூரைச் சேர்ந்த நூற்பவள் ஒருத்தியின் முறையீடாக ஒரு கடிதம் வெளிவந்தது. இளமையிற் கணவனை இழந்த அவள், இராட்டையின் வருவாயைக் கொண்டே குடும்பத்தைத் தாங்கியவள். பெண்மக்களுக்கு மணம் முடித்தவள். மாமனாரின் இறுதிக் கடன்களை நிறைவேற்றியவள். ஒரு காலத்தில் வீடு தேடி வந்து நூல் வாங்கிய நெசவாளர் இப்போது தன் நூலை நாடி வருவதில்லை என்னும் கையறுநிலையை அவள் விளக்குகிறாள். கைத்தொழிற் புரட்சியைப் பற்றிய எண்ணற்ற ஆவணங்களுள், தொழிலிழந்த நூற்பவளின் குரலாக ஒலிக்கும் இத்தகைய ஆவணம் மிக அரிது.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இராட்டை பல மாவட்டங்களிற் பார்வையிலிருந்தே மறைந்தது. அம்மறைவின் அளவினைக் காந்தியடிகளின் சுயசரிதை உணர்த்துகிறது. 'இந்திய சுயராச்சியம்' என்னும் நூலில் இராட்டையைப் போற்றி எழுதியபோது தாம் அதனைக் கண்ணாற் கண்டதில்லை என்றும், 1915 இல் தென்னாபிரிக்காவிலிருந்து திரும்பிய பின்னரும் காணவில்லை என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆச்சிரமத்தில் முதலில் நிறுவப்பட்டவை தறிகளே. அவற்றில் நெய்யப்பட்டது ஆலை நூலே. 1917 இல் புரோச் நகரில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் கங்காபென் மஜ்முதார் என்னும் கைம்பெண்ணை அவர் சந்தித்தார். தேடும் பணியை ஏற்ற கங்காபென் குசராத்தில் நெடுகத் திரிந்து, இறுதியிற் பரோடா சமத்தானத்தைச் சேர்ந்த விஜாப்பூரில் இராட்டைகளைக் கண்டார். அவை வீட்டுப் பரண்களிற் பயனற்ற மரமாகக் கிடந்தன.

இங்கேதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி அமைந்துள்ளது. பரண்மேற் கருவி கிடந்தது. பரணின் கீழே அதனை இயக்கத் தெரிந்த பெண்கள் இன்னும் வாழ்ந்தனர். இரண்டும் ஒருங்கே இருந்தமையாற்றான் மீட்பு இயல்வதாயிற்று. ஆயினும் அப்பெண்கள் உடனே நூற்க அமரவில்லை. இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தனர். பஞ்சுப் பட்டை ஒழுங்காகக் கிடைத்தல் வேண்டும். நூற்ற நூலை வாங்குவோர் வேண்டும். தேசபக்தி உரைகளைவிட இவ்விரு நிபந்தனைகளே பொருளாதார உண்மையைத் தெளிவாகக் கூறின எனலாம்.

முதலில் பம்பாய் ஆலையுரிமையாளரான உமார் சோபானி தம் ஆலையிலிருந்து பட்டைகளை வழங்கினார். ஆலைப் பட்டையை ஏற்பதாயின் ஆலை நூலையே ஏற்றுவிடலாமே என்னும் ஐயம் காந்தியடிகளை வருத்தியது. எனவே பஞ்சு கொட்டுபவர் ஒருவரைத் தேட நேர்ந்தது. கிடைத்தவர் மாதம் 35 ரூபா கேட்டார், அது கொடுக்கப்பட்டது. கங்காபென் இளைஞர் சிலரைப் பட்டையிடப் பழக்கினார். இவ்வாறு ஒரு கருவியை மீட்கப் புகுந்தவர்கள் ஒரு தொழிற் சங்கிலி முழுவதையும் கண்ணி கண்ணியாக மீட்க வேண்டியவராயினர். பருத்தி, கொட்டுபவர், பட்டை, இராட்டை, நூற்பவள், தறி, வாங்குபவர் என்னும் அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் இராட்டை மீண்டும் பரணுக்கே செல்லும். ஆச்சிரமத்தில் உருவான முதற் கதர்த்துணி யார் ஒன்றுக்கு 17 அணா அடங்கியது என்பதும் மறைக்கப்படவில்லை.

இதன் பின்னர் பழுதுபார்த்தலும் திருத்தியமைத்தலும் ஒரு துறையாகவே வளர்ந்தன. சபர்மதியில் மகன்லால் காந்தி இராட்டையின் உறுப்புகளை ஆராய்ந்து திருத்தங்கள் செய்தார். கதிர் சிறிது வளைந்திருந்தாலும் அது அதிரும். அதிர்ந்தால் இழை அறும். கயிறு தளர்ந்தால் வேகம் குன்றும். மிக இறுகினால் சக்கரம் பளுவாகும். இத்தகைய நுணுக்கங்கள் அதுவரை ஊர்த்தச்சரின் கைப்பழக்கமாக இருந்தவை. 1925 இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டில் திருப்பூர் கதர் உற்பத்தியின் பெருநிலையமாயிற்று. இம்முயற்சிக்கு ஈழத்தவரும் பொருளுதவினர். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தது கதர் நிதி திரட்டுவதற்கே. அப்பயணத்தின் இறுதி நாட்களில் யாழ்ப்பாணத்தில் அவரை வரவேற்றோருள் மாணவர் காங்கிரஸ் இளைஞர் முன்னணியில் நின்றனர்.

இராட்டையை எல்லோரும் ஏற்றனர் என்பதற்கில்லை. ஒரே அசைவை ஓயாது செய்வது மனத்தின் ஆக்கத்திறனை மழுங்கடிக்கும் என 1925 இல் 'மொடேர்ண் ரிவியூ' இதழில் இரவீந்திரநாத் தாகூர் கண்டித்தார். அக்கண்டனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கதர் இயக்கத்தவரும் பழைய இராட்டையோடு நிறைவடைந்தாரல்லர். 1929 இல் நூற்போர் சங்கம் புதிய இராட்டை ஒன்றுக்கு ஓர் இலட்சம் ரூபா பரிசு அறிவித்தது. குடிசையில் வைத்து இயக்கத்தக்கதாதல், பெண்ணொருத்தி பெருங்களைப்பின்றி எட்டு மணி நேரம் இயக்கக் கூடியதாதல், அந்நேரத்தில் 16,000 அடி நூல் தருதல், விலை 150 ரூபாவுக்கு மேற்படாமை, பழுதுபார்த்துவரின் 20 ஆண்டுகள் உழைத்தல் ஆகியன நிபந்தனைகளுட் சிலவாகும். இந்நிபந்தனைகளை முற்றாக நிறைவு செய்தவர் எவருமிலர். ஆயினும் அவற்றின் மையத்தில் யந்திரமன்று, அதனருகே அமரும் பெண்ணின் உடலே வைக்கப்பட்டமை கருதத்தக்கது. இக்காலத்திலேயே ஏரவாடாச் சிறையோடு தொடர்புற்ற பெட்டி இராட்டையும் உருப்பெற்றது. இரு சக்கரங்களை இணைத்துக் கதிரின் வேகத்தைப் பெருக்கிய அது, மூடினால் கையிலெடுத்துச் செல்லும் பெட்டியாகிவிடும்.

கருவி திருந்தியது, கூலி திருந்தியதா? ஏழைக்கு வேலை தருவதே போதுமென முதலிற் கருதப்பட்டது. கதர் மலிவாக விற்றல் வேண்டும் என்னும் நோக்கம் நூற்பவளின் ஊதியத்தையே குறைத்து வைத்தது. 1935 இல் நூற்போர் சங்கம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. எட்டு மணி நேரத் திறமையான உழைப்பிற்கு, உணவுக்கும் உடைக்கும் போதுமான குறைந்தபட்சக் கூலி வழங்கல் வேண்டும் எனத் தீர்மானித்தது. கதரின் விலை உயரும், வாங்குவோர் குறைவர் என்னும் அச்சம் எழவே செய்தது. சாந்திப்பூர்க் கைம்பெண்ணின் முறையீட்டிற்கு நூறாண்டு கடந்து கிடைத்த மறுமொழியாக இத்தீர்மானத்தை நாம் கொள்ளலாம்.

1949 ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் ஆலைகளின் நூற்றல் முறையைச் சிறிய கைக்கருவியொன்றில் அமைத்துக் காட்டினார். அவர் பெயரை ஒட்டி அது அம்பர் இராட்டை எனப்பட்டது. ஒரு கைப்பிடியைச் சுழற்றப் பல கதிர்கள் ஒருங்கே நூற்றன. 1956 இல் இந்திய அரசு இதனை ஆராயக் குழுவொன்றை அமைத்தது. இது இராட்டையா, சிற்றாலையா என்று வினவியோர் உண்டு. இராட்டையே ஒரு காலத்திற் புதுமையாக வந்தது என்பதை அறிந்தோர்க்கு அவ்வினா அத்துணை முக்கியமானதன்று. அதனை இயக்குபவளின் கையில் நாள் முடிவில் எஞ்சுவது யாது என்பதே வினாவாகும்.

மற்றொரு திசையில் இராட்டை சின்னமாக மாறியது. 1931 இற் காங்கிரஸ் ஏற்ற கொடியில் இராட்டை முழுமையாக இருந்தது. 1947 யூலை 22 ஆம் நாள் ஏற்கப்பட்ட தேசியக் கொடியில் அசோகச் சக்கரம் இடம்பெற்றது. இராட்டையின் உருவம் கொடியின் மறுபுறத்தில் தலைமாறித் தோன்றும் என நேரு காரணம் கூறினார். சக்கரம் நின்றது, கதிரும் கயிறும் மறைந்தன. நூலைத் தருவது கதிரே என்பதை எண்ணும்போது இம்மாற்றம் சிந்தனைக்குரியது. 2013 நவம்பரில் இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் நடைபெற்ற ஏலத்தில், ஏரவாடாச் சிறையிற் காந்தியடிகள் பயன்படுத்தி அமெரிக்க மிசனரி ஒருவருக்கு அளித்த இராட்டை 1 இலட்சத்து 10 ஆயிரம் பவுணுக்கு விலைபோயிற்று. அணாக்களை ஈட்டித் தருவதற்கென மீட்கப்பட்ட கருவி இன்று சேகரிப்போரின் அரும்பொருளாகிவிட்டது.

சேகரித்தலைப் பழித்தல் நம் நோக்கமன்று. 1959 இல் திறக்கப்பட்ட மதுரைக் காந்தி நூதனசாலை போன்ற நிலையங்கள் இல்லையேல் பல சான்றுகள் நமக்குக் கிட்டா. ஆயினும் சேகரிப்போன் முன்னால் எப்போதும் ஒரு முரண்பாடு நிற்கிறது. கைபட்டுத் தேய்ந்த பழைய கைப்பிடியை மாற்றினால் கருவி இயங்கும், சான்று அழியும்; மாற்றாவிடிற் சான்று நிலைக்கும், இயக்கம் நின்றுவிடும். பழையதை உள்ளவாறே காத்து, அதன் அளவுகளைக் கொண்டு புதியதொன்றைச் செய்து இயக்கிப் பார்ப்பதே இதற்குத் தக்க வழியாகும். இயக்கிப் பார்த்தாலன்றி அக்கைப்பிடி ஏன் அவ்விடத்தில் தேய்ந்தது என்பது விளங்காது.

நம் ஊர்களிலும் வழக்கொழிந்த கருவிகள் பரண்களிலும் கோடிப்புறங்களிலும் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்லும் மாணவர், கருவியைக் கையிலெடுக்கும்போதே அதனை இயக்கத் தெரிந்த முதியவர் எவரேனும் உளரோ என வினவுதல் வேண்டும். அவரை அதன் முன் அமரச்செய்து, அவர் கையசைவையும், அத்தொழிலுக்கு அவர் வழங்கும் சொற்களையும், அதனால் அவர் ஈட்டிய கூலியையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். விஜாப்பூரிற் கங்காபென் சற்றுக் காலந்தாழ்த்திச் சென்றிருப்பின் இராட்டைகள் கிடைத்திருக்கும். நூற்கத் தெரிந்த விரல்கள் கிடைத்திரா. மரம் காத்திருக்கும், மனிதர் காத்திரார்.