கொடுப்பவர் தலை குனியட்டும்



சமூகப் பணி இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் ஒரு துறை. ஆனால், உதவி நாடி வருபவரை எந்தக் கண்கொண்டு நோக்குவது என்னும் மனப்பான்மைக்குச் சமயங்களே முதலில் வித்திட்டன. அவற்றுள் கிறித்துவமும் பௌத்தமும் ஆற்றிய பங்கை இங்குச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

1869ஆம் ஆண்டு இலண்டனில் அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கம் தோன்றியது. அதன் தொண்டர்கள் ஏழைகளின் வீடுகளுக்கே சென்று விசாரித்தனர். 'தகுதியுள்ள ஏழை', 'தகுதியற்ற ஏழை' எனப் பிரித்தனர். வீடு தேடிச் சென்று நிலையறியும் முறை இன்றைய சமூகப் பணிக்கு அடித்தளமானது. எனினும், வறுமையை ஒழுக்கக் குறைவாகக் காணும் பார்வையும் அதனோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

அதற்கான மாற்றும் கிறித்துவத்தின் உள்ளிருந்தே எழுந்தது. 1884இல் ஆங்கிலிக்கன் பாதிரியார் சாமுவேல் பார்னெட்டும் அவர்தம் துணைவியாரும் கிழக்கு இலண்டனில் டாயின்பி மன்றத்தை நிறுவினர். பல்கலைக்கழக இளைஞர்கள் அங்கு ஏழைகளின் அண்டை வீட்டாராகத் தங்கினர். அதனைக் கண்டு சென்ற ஜேன் ஆடம்ஸ், தம் தோழியுடன் இணைந்து 1889இல் சிகாகோவில் ஹல் இல்லத்தைத் தொடங்கினார். 1957இல் இயேசு சபைக் குருவான பீலிக்ஸ் பீஸ்டெக், உதவுவோர்க்குரிய ஏழு நெறிகளைத் தம் நூலில் வகுத்தார். தீர்ப்பிடாமை, உள்ளவாறே ஏற்றல், மறைகாத்தல், தம் முடிவைத் தாமே எடுக்கும் உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும்.

பௌத்தத்தின் பார்வையை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மணிமேகலை, அமுதசுரபியை ஏந்தியபோது எவருடைய தகுதியையும் ஆராயவில்லை. பசியே போதிய தகுதியாயிற்று. சிறைப்பட்டோர்க்கும் உணவூட்டினாள், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று.

இவ்விரு மரபுகளும் சந்தித்த இடமும் ஒன்றுண்டு. 1966இல் தைவானின் ஹுவாலியனில் பிக்குணி செங் யென், சூ சி அமைப்பைத் தோற்றுவித்தார். அவ்வாண்டில் அவரைக் காண வந்த மூன்று கத்தோலிக்கக் கன்னியர், பௌத்தர்கள் சமுதாயத்திற்கு என்ன செய்தனர் என வினவியதாக அவ்வமைப்பின் வரலாறு கூறுகிறது. அவ்வினா அவர் உள்ளத்தைத் தைத்தது. முப்பது இல்லத்தரசிகள் நாள்தோறும் ஐம்பது காசை மூங்கில் குழாயில் சேமிக்க, அறப்பணி தொடங்கியது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதன் கிளைகள் இயங்குகின்றன. அதன் தொண்டர்கள் உதவிப் பொருளை இரு கைகளாலும் நீட்டி, தலை குனிந்து, பெறுபவருக்கு நன்றி கூறுவர். கொடுக்கும் வாய்ப்பை நல்கியவர் அவரே என்பது அவர்தம் கருத்து.

வருவோர் நிலையை விசாரித்தறிவது தவறன்று. வரையறையுள்ள நிதி உரியவரைச் சென்றடைய அது தேவை. ஆனால், விசாரணை மதிப்பைப் பறித்துவிடலாகாது என்பதே என் கருத்து.

இனி, நம் பள்ளிகளை எண்ணிப் பார்ப்போம். இலவச உணவு பெறும் மாணவரின் பெயரைச் சபைகூடலில் உரக்க வாசிக்கிறோமா? புத்தகப்பை வழங்கும்போது பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுக்கிறோமா? அந்தப் படத்தை அப்பிள்ளையின் நண்பர்களும் பார்ப்பார்கள். வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்து, இரு கைகளால் கொடுத்தால் அதே பைதான். ஆனால் பிள்ளை அதை நாணமின்றித் தோளில் மாட்டிக்கொண்டு வருவான்.

அடுத்த உதவி வழங்கும் நாளுக்கு முன் இதனை ஆசிரியர் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பேசுங்கள்.