பார்வை என்னும் சொல்

தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால், நடுகல் வீரர்களைத்தான் அவர்கள் முதலில் சூழ்ந்து நிற்பார்கள். ஆநிரைப் பூசலில் மாண்டவர்களுக்கும், புலியோடு பொருது பட்டவர்களுக்கும் பழைய தகடூர் நாட்டில் கல் நட்டிருக்கிறார்கள். ஆனால் கல்லில் இருப்பது அவர்களுடைய கடைசி நாள் மட்டுமே. வில்லைச் சாத்தி வைத்த வீடு எப்படி இருந்தது என்பதற்குப் பாட்டைத்தான் நாட வேண்டும்.

சங்கத் தமிழில் ‘பார்வை’ என்பதற்குப் பிற விலங்குகளைக் கவர்ந்திழுக்கப் பழக்கிய விலங்கு என்றும் பொருள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டியிருக்கிறது. அம்மர நிழலிலேயே நிலவுரலில் புல்லரிசி குற்றுகிறார்கள். வேட்டைக் கருவியும் சமையல் வேலையும் ஒரே நிழலில்.

புறநானூற்றின் 320ஆம் பாட்டு இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. வீரை வெளியனார் பாடியது. வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். அவனுடைய பார்வைப் பிணையோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. கணவன் விழித்துவிடுவானோ, கலை பிரிந்துவிடுமோ என்று அஞ்சி மனைவி வீட்டுக்குள் நடமாடாமலே இருக்கிறாள். அந்த அமைதியில், மான்தோலில் உலர்த்திய தினையைக் கானக்கோழியும் இதலும் தின்றுவிடுகின்றன.

பிணையை வளர்த்ததே இப்படியொரு கலை வருவதற்காகத்தான். வந்த பிறகு அவள் கணவனை எழுப்பவில்லை. கொல்வதற்காகப் பழகிய அமைதி, அன்று காப்பதற்குப் பயன்பட்டது. அதன் விலை அன்றைய தினை.

பென்னாகரம் பக்கத்தில் என் பாட்டனார் இளமையில் கூண்டுக் கௌதாரியைக் கத்தவிட்டு, சண்டைக்கு வரும் காட்டுச் சேவலைக் கண்ணியில் பிடித்தவர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று ஆடும் வேட்டையையும் நிறுத்திய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன, அது சரியே. நான் பார்த்தபோது கூண்டு வெறுமையாகத் தொங்கியது. ஆயினும் கதவை ஓசைப்படச் சாத்தினால் பாட்டனாருக்குப் பொறுக்காது. விடியற்காலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் பேசுவோம். காரணம் கேட்டதில்லை.

“அந்தப் பெண் ஏன் கோழியை விரட்டவில்லை?” என்று சென்ற ஆண்டு ஒரு மாணவன் கேட்டான். விடை சொல்ல வாயெடுத்தபோதுதான் எங்கள் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்தது.