வசனம் தேடிய 800 ஆண்டுகள்

இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்தவர் ஜான் மார்பெக். 1543-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் அவரைக் கைது செய்தபோது, அவர் கைப்பட எழுதிய தாள்கள் கட்டுக்கட்டாகச் சிக்கின. சீர்திருத்த இறையியலாளர் கால்வினின் எழுத்தொன்றைப் பிரதியெடுத்து வைத்திருந்தது அவர்மேல் விழுந்த பெரிய குற்றச்சாட்டு. அதைவிட விசாரணையாளர்களைக் குழப்பியது இன்னொரு கட்டு. வேதாகமத்தில் எந்தச் சொல் எந்தப் புத்தகத்தில், எந்த அதிகாரத்தில் வருகிறது என்று அகரவரிசையில் எழுதிய பட்டியல் அது. 'எல்' எழுத்துவரை முடிந்திருந்தது.

மார்பெக்குக்கு அச்சிட்ட வேதாகமம் வாங்க வசதியில்லை. இரவல் வாங்கிக் கையால் எழுதத் தொடங்கினார். யோசுவா வரை வந்துவிட்டார். அப்போது நண்பர் ஒருவர், இப்படி முழுதும் நகலெடுப்பதைவிட ஆங்கிலத்தில் இல்லாத ஓர் ஒத்தவாக்கிய அகராதியைச் செய்தால் எல்லோருக்கும் பயன்படும் என்றார். அப்படி ஒரு நூல் உண்டென்பதே மார்பெக்குக்கு அதுவரை தெரியாது. லத்தீன் ஒத்தவாக்கிய அகராதி ஒன்றை இரவல் வாங்கி, ஆங்கில வேதாகமத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எழுதினார். அவரோடு தண்டனை பெற்ற மூவரை விண்ட்சரில் எரித்தார்கள். மார்பெக்குக்கு மன்னிப்பு கிடைத்தது. பறிபோன தாள்களுக்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. முதலிலிருந்து மறுபடியும் எழுதினார். ஆறாம் எட்வர்டு ஆட்சியில், 1550-இல், நூல் அச்சேறியது.

அவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த அந்த வேலையை இன்று கைபேசித் திரையின் மூலையில் உள்ள பூதக்கண்ணாடிப் படம் செய்கிறது. வேதாகமச் செயலி எதை இறக்கிக்கொள்ளலாம் என்று யோசிக்கும் ஒருவர் பெரும்பாலும் பார்ப்பது நட்சத்திர மதிப்பெண்ணை, எழுத்தின் அழகை, தினம் ஒரு வசனம் வருகிறதா என்பதை. பார்க்கவேண்டியது வேறொன்று. இலவசச் செயலிக்குள் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை என்றோ இறந்துபோனவர்களின் உழைப்பு. எந்த உழைப்பு உள்ளே வந்தது என்பதைத் தீர்மானித்ததில் தரத்தைவிடப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பங்கு அதிகம்.

தேடவேண்டுமென்றால் முதலில் முகவரி வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. பாரிஸில் கற்பித்து, பின்னர் கேன்டர்பரி பேராயரானவர் அவர். அவருடைய பிரிப்பை வைத்து, பாரிஸின் செயின்ட்-ஜாக் மடத்தில் டொமினிக்கன் துறவியர் ஹியூ என்பவர் தலைமையில் லத்தீன் வேதாகமத்தின் முதல் சொல்லடைவை, அதாவது ஒத்தவாக்கிய அகராதியை, தயாரித்தார்கள். 500 துறவியர் உழைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வசன எண் அப்போது கிடையாது. அதனால் ஒவ்வொரு அதிகாரத்தையும் மனத்தளவில் ஏழு பங்காக்கி, 'ஏ' முதல் 'ஜி' வரை எழுத்திட்டார்கள். தேடும் சொல் அதிகாரத்தின் நடுவில் இருந்தால் 'டி'. முதல் பதிப்பில் இடக்குறிப்பு மட்டுமே இருந்தது, வாக்கியம் இல்லை. பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த துறவியர் வாக்கியங்களை நீளமாகச் சேர்த்தார்கள். நூல் கையாள முடியாதபடி பருத்தது. மூன்றாம் முறைதான் அளவு சரியாக அமைந்தது. தேடல் முடிவில் எத்தனை சொற்களைக் காட்டுவது என்று இன்றைய மென்பொருளாளர் படும் பாட்டை அந்த மடத்தில் இருந்தவர்கள் அன்றே பட்டிருக்கிறார்கள்.

புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்களைத் தந்தவர் ராபர்ட் எஸ்தியென். பாரிஸில் பெயர்பெற்ற அச்சகத்தார். சோர்போன் இறையியலாளர்களின் நெருக்கடி தாங்காமல் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்து, 1551-இல் அங்கே வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் எண்களைச் சேர்த்தார். பாரிஸிலிருந்து லியோனுக்குப் பயணம் போகும்போது தந்தை அந்த வேலையைச் செய்தார் என்று மகன் ஆன்றி பின்னாளில் எழுதினார். 1560-இல் வெளிவந்த ஜெனீவா ஆங்கில வேதாகமம் அந்த எண்களை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. 'யோவான் 3:16' என்று போதகர் சொன்னதும் சபை முழுவதும் ஒரே வரிக்குப் போய்ச் சேருவது இந்த அச்சகத்தாரின் கொடை.

அடுத்து அலெக்ஸாண்டர் க்ரூடன். அபெர்டீனில் 1699-இல் பிறந்தவர், லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். தனியாளாக உட்கார்ந்து கிங் ஜேம்ஸ் வேதாகமத்துக்குச் சொல்லடைவு எழுதி, 1737 நவம்பரில் கரோலின் அரசியிடம் காணிக்கையாகக் கொடுத்தார். அந்த மாதமே அரசி இறந்துபோனார். எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. கடையை மூடவேண்டி வந்தது. மறு ஆண்டு அவரை மனநோயாளிகள் விடுதியொன்றில் சங்கிலியிட்டு அடைத்தார்கள். கட்டிலை அறுத்துத் தப்பினார். இத்தனைக்குப் பிறகும் நூலை விடவில்லை. திருத்திய இரண்டாம் பதிப்பு 1761-இலும் மூன்றாம் பதிப்பு 1769-இலும் வந்தன. அதற்கடுத்த ஆண்டு காலமானார். அவர் பெயரிலான நூல் இன்றும் அச்சில் இருக்கிறது.

ஆனால் க்ரூடனின் நூல் ஆங்கிலச் சொல்லைத்தான் தேடிக் கொடுக்கும். அதன் அடியில் எந்த மூலச்சொல் இருக்கிறது என்பதைப் பாமர வாசகர் அறிய அது எளிய வழி ஆகாது. அதைத் திறந்துவைத்தவர் ஜேம்ஸ் ஸ்ட்ராங். நியூ ஜெர்சியின் ட்ரூ இறையியல் கல்லூரிப் பேராசிரியர். நூற்றுக்கும் மேற்பட்ட உதவியாளர்களுடன் 35 ஆண்டுகள் உழைத்து 1890-இல் தம் சொல்லடைவை வெளியிட்டார். எபிரேயச் சொற்களுக்கு 8674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையும் எண் கொடுத்தார். கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13-இல் 'சாரிட்டி' என்று இருக்கும். 1 யோவான் 4-இல் 'லவ்' என்று இருக்கும். இரண்டுக்கும் எதிரே 26 என்ற ஒரே எண் நிற்கும். கிரேக்க எழுத்து ஒன்றுகூடத் தெரியாத ஒருவர் இரண்டும் ஒரே சொல் என்று கண்டுகொள்ளலாம். வேதத்தைப் படிப்பவருக்குக் கிடைத்த இத்தனை பெரிய உதவி வேறில்லை என்றே சொல்லலாம்.

இங்கேதான் செயலி தேடுபவர் கவனமாக இருக்கவேண்டும். ஸ்ட்ராங் 1894-இல் இறந்தார். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் குப்பைமேடுகளைத் தோண்டி, சாதாரண மக்கள் எழுதிய கிரேக்கக் கடிதங்களையும் கணக்குகளையும் பாப்பிரஸ் தாள்களில் எடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கடைத்தெரு மக்களின் மொழியோடு எவ்வளவு நெருங்கியது என்று அவைதான் காட்டின. சாக்கடல் சுருள்கள் 1947-இல் கிடைத்தன. இவை எதுவும் ஸ்ட்ராங் எழுதிய பொருள் விளக்கங்களில் இருக்க வழியில்லை. எண்முறை இன்றும் உறுதியாக நிற்கிறது. அகராதிப் பகுதி மட்டும் பழையது. இலவசச் செயலிகளில் அடிக்கடி காணும் மாத்யூ ஹென்றியின் விளக்கவுரை இன்னும் முந்தியது. அவர் இறந்தது 1714-இல். இவர்களை யார் வேண்டுமானாலும் பணம் கொடுக்காமல் சேர்த்துக்கொள்ளலாம். புதிய ஆய்வுகளுக்கு உரிமையாளர் உண்டு, விலை உண்டு. ஹென்றியின் உரை பக்திக்கு உரம். அதையே இன்றைய ஆய்வின் முடிவு என்று எடுத்து வேதபாட வகுப்பில் சொல்லும்போதுதான் சிக்கல்.

கணினியின் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு 1952-இல் வந்ததும், ஜான் எல்லிசன் என்ற ஆங்கிலிக்கன் மரபுக் குரு யூனிவாக் கணினியைக் கொண்டு அதற்குச் சொல்லடைவு செய்தார்; 1957-இல் அது அச்சானது. லோகோஸ் வேதாகம மென்பொருள் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. பைபிள் கேட்வே தளத்தை 1993-இல் தொடங்கியவர் ஒரு கல்லூரி மாணவர். ஈ-ஸ்வோர்டு என்ற வேதாகம மென்பொருள் 2000-இல் வந்தது. ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரை 2008 ஜூலையில் திறந்தபோது, ஒக்லஹோமாவின் ஒரு சபை உருவாக்கிய யூவெர்ஷன் முதல் வரிசைச் செயலிகளில் ஒன்றாக இருந்தது.

தமிழில் இந்தக் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. மிஷனரி சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1714-15-இல் அங்கே அச்சானது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. கையிருப்புக் காகிதம் அவற்றுக்குக் கட்டுப்படியாகவில்லை. பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துத்தான் நூலை முடித்தார்கள். எழுத்தின் அளவைத் திரையில் விரலால் கூட்டிக் குறைக்கும் தமிழ் வாசகருக்கு இந்தச் செய்தி தெரிந்திருப்பது நல்லது. சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் 36 வயதில் மறைந்தார். அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்ஸ் அதை முடித்தார். பின்னர் இன்னொரு மிஷனரியான பப்ரிசியஸ் முழுவதையும் புதிதாகச் செய்தார். ஹென்றி பவர் முன்னின்று உருவாக்கிய ஐக்கியத் திருப்புதல் 1871-இல் வெளிவந்தது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் ஒலிப்பது அந்த வழிவந்த நடைதான். தமிழ்ச் செயலிகளில் பெரும்பாலானவற்றைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுவதும் அதுவே.

தமிழ்ச் செயலியைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. தேடும் பெட்டியில் 'அன்பு' என்று தட்டிப் பார்க்கலாம். பிறகு 'அன்ப' என்று, கடைசி உகரம் இல்லாமல் தட்டிப் பார்க்கலாம். எழுத்தை எழுத்தோடு மட்டும் ஒப்பிடும் செயலி முதல் தேடலில் 'அன்பினால்', 'அன்பாக', 'அன்பின்' எதையும் காட்டாது. கணினிக்குப் 'பு' வேறு, 'பி' வேறு. இரண்டாம் தேடலில் அவையெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 1 யோவான் 4 போன்ற, அந்தச் சொல்லே நிறைந்த ஓர் அதிகாரத்தை வைத்து இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டால், செயலி வாசகரிடமிருந்து எவ்வளவு மறைக்கிறது என்று தெரியும். வேற்றுமை உருபுகள் ஒட்டும் மொழிக்கு ஆங்கிலத் தேடலை அப்படியே பொருத்தியதால் வரும் குறை இது. யூனிகோடு பரவுமுன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்த காலத்தில் இந்த அளவுத் தேடல்கூடத் தமிழில் எளிதாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

வேர்ச்சொல்லை அறிந்து எல்லா உருபுகளையும் சேர்த்துக் காட்டும் தேடல், தமிழ் வசனத்துக்கு அடியில் மூலமொழிச் சொல்லின் எண், தமிழிலேயே எழுதிய இக்கால விளக்கவுரை: இந்த மூன்றும் ஒரே செயலியில் இருந்தால் வேதம் படிப்பவர் வேறெதையும் தேடவேண்டாம். மூன்றும் இல்லாவிட்டாலும், செயலியின் 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திறந்து, எந்த மொழிபெயர்ப்பு, எந்த ஆண்டுப் பதிப்பு, யாருடைய அனுமதியுடன் என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த விவரமே இல்லாத செயலியில் எழுத்துப்பிழையோ விடுபட்ட வசனமோ இருந்தால் கேட்க ஆளில்லை.

கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உழைத்தது. கத்தோலிக்கத் திருமுறையில் நூல்கள் 73. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66. செயலியின் பெயரையோ முகப்புப் படத்தையோ பார்த்து உள்ளே எத்தனை நூல்கள் இருக்கின்றன என்று சொல்லமுடியாது. பொருளடக்கத்தில் தோபித்து, யூதித்து, சீராக் இருக்கின்றனவா என்று பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.